லொறி போனாலும் எனக்கு நிலம் ஆடும்

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது கிறைஸ்ட்சேர்ச் ஆடியது. 2011 பெப்ரவரி 22, மதியம் 12.51. அந்த நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் காயமில்லை. அதனால் வீட்டில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சும் இல்லை.

ஆனால் உடம்பு மறக்கவில்லை. தெருவில் பெரிய லொறி போனால் என் கை தானாக மேசை விளிம்பைப் பிடிக்கும். ஈரச் சேற்று மணம் வந்தால் வயிற்றைப் பிரட்டும். அன்று நிலம் இளகி, எங்கள் முற்றம் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு பொங்கியிருந்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான பின்னதிர்வுகள் வந்தன. பல தடவை முதலில் ஓர் உறுமல் கேட்கும். பிறகுதான் வீடு ஆடும். உறுமல் என்றால் ஆபத்து என்று மூளை படித்துக்கொண்டது. லொறியும் அப்படித்தான் உறுமும். "இது லொறிதான்" என்று நான் யோசித்து முடிக்க முன்னமே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். இது கோழைத்தனம் இல்லை. என்னைக் காப்பாற்றப் பழகிய உடம்பு இன்னும் காவல் காக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா யாழ்ப்பாணத்தில் போருக்குள் வளர்ந்தவர். "நாங்கள் ஷெல்லடிக்கே பயப்படேல்லை" என்பார். ஆனால் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சோடி சப்பாத்தும் டோர்ச்சும் இருக்கும். 2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் கைக்கோரா நிலநடுக்கம் வந்தது. ஆட்டம் நிற்க முன்னமே அப்பா என் அறை வாசலில் நின்றார். விடியும்வரை என் கட்டில் ஓரத்திலேயே இருந்தார். "எனக்கும் நெஞ்சு படபடக்குது, பிள்ளை" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச முடிந்தது.

இப்போது உறுமல் கேட்டால், இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைப்பேன். மூச்சை உள்ளே எடுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவேன். கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்வேன். நெருங்கிய நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். உணவகத்தில் கதவுக்குப் பக்கத்துக் கதிரையை எனக்கு விடுவார்கள். பெப்ரவரி வந்தால் பழைய வீடியோக்களைப் பார்ப்பதில்லை. 22ஆம் திகதி அப்பாவும் நானும் ஏவன் ஆற்றுக்குப் போய், மற்றவர்களோடு சேர்ந்து தண்ணீரில் பூப் போடுவோம்.

இவை எப்போதும் போதாது. நித்திரையோ படிப்போ வாரக்கணக்காகக் குழம்பினால் வைத்தியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுங்கள். நியூசிலாந்தில் 1737 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

உங்களுக்கு அது வெள்ளமாகவோ காட்டுத்தீயாகவோ இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சப்பாத்து வைத்துக்கொண்டு படுக்கலாம். ஏன் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.