கச்சியில் ஒரு பகல்

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரில் சங்கிலியார்க்குச் செய்து கொடுத்த சூளுறவைக் கடந்து, அவ்வூர் எல்லையை நீங்கிய அளவிலே இரு கண்ணும் மறையப் பெற்றார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். கச்சித் திருவேகம்பத்தில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். இவ்வரலாறு சைவர் யாவரும் அறிந்ததே. ஆயினும், தம் கண் மங்கத் தொடங்கிய பின்னர் இதனை நினைப்பவர்க்கு இஃது முன்னறியாத வேறொரு வரலாறு போலத் தோன்றும். அங்ஙனம் தோன்றப்பெற்ற அன்பர் ஒருவர், தை மாதத்து ஒருநாள் தனியே காஞ்சிமாநகர் சென்று மீண்ட செய்தி ஈண்டுக் கூறப்படுகின்றது.

அவர் பொதுப்பணித் துறையில் படம் வரையும் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவர். மதகும் கலிங்கும் பாலமும் நூலிழை பிசகாது தாளில் எழுந்தது அவர் கண்ணின் வலியாலேயாம். அக்கண்ணுள் இடப்பக்கத்தது அழுத்த நோயால், நோவும் சிவப்பும் காட்டாமலே, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒளி இழந்தது. வலக்கண்ணும் அவ்வழியிலே செல்லத் தொடங்கியிருந்தது. புரை படர்ந்த கண்ணாயின் கருவியால் அதனை அகற்றலாம். இந்நோயில் நரம்பு பட்டழிந்தமையால், போன பார்வை போனதே. எஞ்சியதைக் காக்க நாடோறும் தவறாது சொட்டுமருந்து இடுக என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆணவமலம் பொருளாகலின் அறிவு மாத்திரையால் நீங்காது, கண்ணிற் படலத்தை மருத்துவன் செயலால் உரித்தல் போலத் தீக்கையாகிய செயலாலேயே நீங்கும் என்று ஆகமநூலார் கூறும் உவமையை அவர் பலகாலும் கேட்டவர். உரிக்கத்தக்க படலமும் தமக்கு வாய்த்திலதே என்று அன்று எண்ணினார் போலும்.

மகன் உடன்வர விரும்பினான். "நீ வந்தால் உன் கையைப் பற்றிக்கொண்டு நடப்பேனப்பா, உன் கண்ணாலேயே பார்த்துவிடுவேன். இம்முறை நானே பார்த்து வருகிறேன்" என்று அவனை நிறுத்திப் புறப்பட்டார். திருவேகம்பம், திருமேற்றளி, ஓணகாந்தன்தளி, அனேகதங்காவதம், நெறிக்காரைக்காடு என்னும் பாடல்பெற்ற தலங்கள் ஐந்தனையும், அவற்றோடு கயிலாசநாதர் கோயிலையும் ஒரு பகலில் முடிக்கக் கருதி, மணிக்கணக்கிட்டு ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். ஊர்திகள் மலிந்த இக்காலத்தில் தலங்களை எண்ணிக் கழிக்கும் இவ்வழக்கம் பெருகியுள்ளது. கால் விரைதல் எளிது. கருத்து அவ்விரைவுக்கு உடன்படுவதன்று. அவர் தாளும் முதற்கோயிலிலேயே பயனற்றதாயிற்று.

கயிலாசநாதர் கோயில் பல்லவ வேந்தன் இராசசிம்மன், கி.பி. 700ஐ ஒட்டிய காலத்தில் மணற்கல்லால் எடுப்பித்தது. திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிறு கோயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் உட்சுவர்களில் பழைய ஓவியங்கள் சிதைந்து எஞ்சியிருத்தலை 1931இல் பிரஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயி கண்டறிந்தார். அன்பர் ஏனைய யாவற்றினும் இவற்றையே காண வேட்டு வந்தார். காலை வெயில் சாய்ந்து புகும் வேளையில் ஒவ்வொரு சிறு கோயிலின் முன்னும் நின்று, தலையை மெல்லத் திருப்பித் திருப்பிச் சுவரைத் தேடினார். அவர்க்கு ஒரு நோக்கில் அடங்குவது சிறு வட்டமே. ஒரு சுவரில் சோமாக்கந்தர் ஓவியத்தின் சில கோடுகள் கிடைத்தன. ஓரிடத்து ஒரு புருவம், சற்றுக் கீழே குழந்தையின் வடிவிற் சிறிது, இடையிலெல்லாம் வெறுஞ்சுண்ணம். ஆயிரத்து முந்நூறு யாண்டு கழிந்த அச்சுவர் அவருடைய கண்ணைப் போலவே இருந்தது. குறிப்பேட்டை விரித்துக் கரிக்கோலால் அக்கோடுகளை அவ்வண்ணமே எழுதினார். இடைவெளியை நிரப்பத் தொழில் பழகிய கை எழுந்தது. அவர் அதனைத் தடுத்துக்கொண்டார்.

அக்கோயிலைப் பற்றிய பிறிதொரு செய்தியும் அவர் உள்ளத்தில் இருந்தது. கச்சியில் காடவர்கோன் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் தன் நெஞ்சில் எடுத்த கோயிலில் நாளை புகுவோம், நீ பின்னொரு நாள் கொள்க என்று பணித்தமை பெரியபுராணம் கூறும். அக்கற்றளி இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இராசசிம்மன் அசரீரி வாக்குக் கேட்டவன் என்று இக்கோயிற் கல்வெட்டுக் கூறுதல் அதற்குத் துணையாகும். நெஞ்சில் கோயில் எடுத்த பூசலார்க்கும் கல்லும் மரமும் தச்சரும் வேண்டியிருந்தன. அனைத்தையும் அவர் மனத்தால் தேடி, அடிநிலை முதல் சிகரம் ஈறாக முறைப்படி அமைத்தார். ஆதலின் அகக்கோயில் என்பது கண்ணை மூடிய அளவில் தானே எழுவதன்று. காண இயலும் காலத்தில் அளந்து வைத்துக்கொள்ளுதலும் அதற்குரிய கல் சுமத்தலே. அன்பர் சிங்கத்தூண்களைக் கையால் தடவி எண்ணிக்கொண்டு நடந்தது இக்கருத்துப் பற்றியே.

கருவறையைச் சூழ ஒடுங்கிய உள்வழி ஒன்றுண்டு. தவழ்ந்து புகுந்து தவழ்ந்தே வெளிவரல் வேண்டும். அதனைச் சுற்றி வந்தோர்க்கு மறுபிறவி இல்லை என்பது மக்கள் கூற்று. ஞானமின்றி முழங்கால் தேய்ந்த அளவில் பிறவி அறும் என்பதைச் சித்தாந்தம் ஒப்பாது. எனினும் அவ்வழியில் தவழ்பவர் யாரும் அகந்தையோடு தவழ்தல் அரிது. காவலிருந்த இளைஞர், "ஐயா, உள்ளே இருட்டு, கையை ஊன்றிப் பார்த்து வாருங்கள்" என்றார். "இருட்டு எனக்குப் பழகிக்கொண்டு வருகிறது, தம்பி" என்று கூறிப் புகுந்தவர், முழங்கை சிராய்த்து வெளிவந்தார். உள்ளே அவர் முன்னும் பின்னும் சென்ற நல்ல கண்ணுடையோரும் அவரைப் போலவே சுவரைத் தடவிச் சென்றனர் என்பதை மட்டும் பின்னர்ச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிள்ளையார்பாளையத்துத் திருமேற்றளியை அடைந்தபோது நடை சாத்தப்பட்டிருந்தது. திருஞானசம்பந்தர் பாடலைக் கேட்டுத் திருமால் உருகிச் சிவலிங்கமான தலம் என்பர் இதனை. கேட்டு உருகிய தலத்தில், காண்பதற்கு ஒன்றுமின்றித் திண்ணையில் அமர்ந்து, அண்டை வீடுகளின் தறியோசையைக் கேட்டுக்கொண்டு நடை திறக்குமளவும் காத்திருந்தார். தாளில் எழுதிய ஏனைய தலங்களுக்கு இனிப் பொழுதில்லை.

திருவேகம்பத்தை அடைந்தபோது விளக்கேற்றியாயிற்று. கிருட்டிணதேவராயர் 1509இல் எடுப்பித்த இராசகோபுரம் ஏறத்தாழ 190 அடி உயர்ந்தது. அதனை நிலை நிலையாகவே அவரால் காண முடிந்தது. மூலத்தானத்தில் எழுந்தருளியிருப்பது பிருதிவி இலிங்கம். மணலால் ஆயதாகலின் திருமேனிக்கு நீராட்டில்லை. சந்நிதியின் மங்கிய ஒளியில் அவர்க்குத் தீபச்சுடரும், கவசத்தில் ஒரு மின்னலும், அவற்றைச் சூழ்ந்த இருளுமே புலனாயின. அருகில் நின்ற தாயொருத்தி இடுப்பிலிருந்த குழந்தைக்கு, "அதோ பார், சாமி பார்" என்று காட்டினாள். குழந்தை அவள் விரலைப் பார்த்தது. அவள் அதன் மோவாயைப் பற்றித் திருப்பினாள். பின் அது பார்த்தது. உயிர் கண்ணுக்குக் காட்டி, அதனோடு உடனின்று தானும் காணுமாறு போல, இறைவன் உயிருக்குக் காட்டிக் காண்பன் என்பது சிவஞானபோதப் பதினோராம் சூத்திரத்து உவமை. அதனைப் படித்த நாளில் அவர் கோடிட்டு வைத்திருந்தார். கோட்டின் மேல் மோவாய் ஒன்று திரும்பிற்று.

பயன் கருதி வேண்டுதல் ஞானநெறிக்கு இழுக்கு என்பார் உளர். தம்பிரான் தோழர் இதே சந்நிதியில் கண் வேண்டிப் பெற்றார் என்பதை அவர்க்கு நினைவுறுத்தல் தகும். அன்பரும் வேண்டினார். இடக்கண்ணைக் கேட்கவில்லை, இருக்கின்ற கண் இருக்குமளவும் இருக்கட்டும் என்று கேட்டார். கேட்டபின், கேட்டதற்காக நாணவும் இல்லை. மாவடியை ஒருமுறை வலம்வந்து, படிகளைக் கோலால் தட்டி அறிந்து வெளியே வந்தார்.

வீடு சேர்ந்தபோது இரவு பத்து மணி. "எத்தனை கோயில் பார்த்தீர்கள், அப்பா?" என்று மகன் வினவினான். "மூன்று" என்றார். "மற்றவை?" "மறுமுறை உன்னோடு போகலாம்" என்று கூறி, மருந்துக் குப்பியை அவன் கையில் கொடுத்துத் தலையை நிமிர்த்திக்கொண்டார்.