ஆறுதலாக உண்ணல்

ஒருவர் உண்ணும் வேகத்தைக் கூர்ந்து நோக்கின், அவர் கடந்துவந்த காலத்தையும் ஓரளவு அறிந்துகொள்ளலாம். பழக்கம், வளர்ப்பு, நாகரிகம் என்று உண்ணும் முறைக்குப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. ஆயினும் அவை யாவற்றுக்கும் அடியில், அடுத்த கவளம் தனக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டா என்ற வினா மறைந்து கிடக்கிறது.

கலைப்பீடத்து இறுதியாண்டு மாணவன் ஒருவன். விடுதி உணவுச்சாலையில் நண்பர் மூவருடன் மதியச் சோற்றுக்கு அமர்வான். ஏனையோர் சோற்றிற் பருப்பை விட்டுப் பிசைந்து, அன்றைய விரிவுரையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் அவனுடைய கோப்பை வெறுமையாகிவிடும். ஒருநாள் நண்பன் ஒருவன், "ஆறுதலாச் சாப்பிடு மச்சான். ஆர் உன்னட்டப் பறிக்கப் போறாங்கள்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தனர். அவனும் சிரித்தான். ஆனால் அக்கேள்வி அன்றிரவு நெடுநேரம் அவனை உறங்கவிடவில்லை.

விரைந்து உண்பவனுக்கு வயிறு நிறைந்தாலும் மனம் நிறைவதில்லை. கோப்பையைக் கழுவிவிட்டு வரும்போதே இன்னும் ஏதாவது தின்னவேண்டும் போலிருக்கும். கடையில் இரண்டு றோல்ஸ் வாங்கி உண்பான். அரை மணித்தியாலத்தின் பின் வயிறு கனத்து, படிக்க இயலாமற் படுத்துவிடுவான். மதியம் என்ன கறி என்று எவரேனும் கேட்டால் அவனுக்கு நினைவிராது.

இதற்கு உடற்றொழிலியல் தரும் விளக்கம் எளிது. இரைப்பை விரிவடைவதை நரம்புகள் மூளைக்கு உணர்த்துகின்றன. உணவு சிறுகுடலை அடைந்ததும் அங்கே சுரக்கும் ஓமோன்களும் போதுமென்ற செய்தியை அனுப்புகின்றன. அவற்றுள் ஒன்றாகிய கொலிசிஸ்ரோகைனின் 1928 இல் ஐவி, ஓல்ட்பேர்க் ஆகியோராற் கண்டறியப்பட்டது. அது உண்ணும் அளவைக் குறைக்கின்றது என்பதை 1973 இல் கிப்ஸ், யங், சிமித் ஆகிய மூவரும் எலிகளிற் காட்டினர். இச்செய்திகள் மூளையை நன்கு எட்டுவதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் செல்லும் என்று பொதுவாகக் கூறுவர். 5 நிமிடத்தில் உண்டு எழுபவன் கைகழுவிய பின்னரே அச்செய்தி வந்து சேர்கிறது.

நூலகத்தில் இதனை வாசித்தறிந்த அவன், ஒவ்வொரு கவளத்தையும் 30 முறை மெல்வதென்று முடிவுசெய்தான். அம்முடிவு இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் உணவுச்சாலையிற் கூட்டம் மிகுந்து, இடத்துக்குக் காத்திருந்தோரின் வரிசை அவனுடைய கதிரையை நெருங்கியது. கை தன்பாட்டில் விரைந்தது.

வரிசை என்பது அவன் எழுத்துக்கு முன்னரே கற்ற பாடம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்தபோது அவனுக்கு ஆறு வயது. அரிசியும் உப்பும் நீருமாகப் பாலின்றிக் காய்ச்சப்பட்ட கஞ்சிக்காகத் தாயார் வரிசையில் நின்றார். வரிசையில் நிற்பதே உயிருக்கு ஆபத்தாயிருந்த நாள்கள் அவை. கொண்டுவந்த பாத்திரத்தை அவனுடைய வாயருகே பிடித்து, "கெதியாக் குடி மோனை, கெதியாக் குடி" என்பார். நாச் சுட்டது அவனுக்கு நினைவிருக்கிறது, சுவை நினைவில்லை. பின்னர் வவுனியாவை அண்டிய முகாமிலும் வரிசைதான். பிந்தினால் முடிந்துவிடும் என்ற அச்சந்தான். அத்தாயார் இன்றும் அடுப்படியில் நின்றபடியே உண்கிறார். பிள்ளைகள் உண்டெழுந்த பின், மிஞ்சியதைச் சட்டியிலேயே பிசைந்து நான்கைந்து வாயில் முடித்துவிடுவார்.

பசித்தவர் யாவரும் விரைந்தே உண்பர் என்று கொள்வதும் பொருந்தாது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞரைக் கொண்டு பட்டினி பற்றிய ஆய்வொன்றைத் தொடங்கினார். போரிற் பங்குகொள்ள மனச்சாட்சி இடந்தராத அவ்விளைஞர் தாமாகவே இதற்கு முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே கொடுக்கப்பட்டது. முன்னர் சில நிமிடங்களில் உண்டுமுடித்த அளவு உணவை, அவர்களுட் சிலர் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் வைத்திருந்து உண்டனர். இதனை வாசித்த அவன் வியந்தான். அவர்களும் எலும்புந்தோலுமாக மெலிந்தவர்களே. ஆயினும் அடுத்த வேளை உணவு குறித்த நேரத்தில் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தன் தாயாருக்கு இல்லாதிருந்தது அந்த உறுதியே என்று அவனுக்குத் தோன்றியது.

கடந்த ஆவணி விடுமுறையில் அவன் வீடு சென்றபோது அம்மம்மா ஒடியற்கூழ் காய்ச்சினார். ஒடியல் மாவைப் பல தண்ணீரில் ஊறவிட்டு வடித்தாற்றான் கைப்பு நீங்கும். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை யாவும் வெந்தபின், புளியும் அரைத்த செத்தல்மிளகாயும் கரைத்த மாவும் சேரவேண்டும். இவற்றுள் எதனையும் அவசரப்படுத்த இயலாது. குடிப்பதும் அவ்வாறே. பனையோலையிற் கோலிய பிளாவில் வார்த்த கூழ் கையைச் சுடும். ஊதி ஊதி உறிஞ்சவேண்டும். உறைப்புக்குத் தேங்காய்ச் சொட்டைக் கடிக்கவேண்டும். நண்டுக்காலை உடைத்துச் சூப்பவேண்டும். கெதியாகக் குடிக்க முயல்பவனைக் கூழே தடுத்துவிடும்.

முற்றத்தில் எல்லோரும் வட்டமாக அமர்ந்தனர். தாயார் வழக்கம்போல் அகப்பையுடன் நின்றார். அம்மம்மா அதனை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இரு பிள்ளை. பானை நிறையக் கிடக்கு. ஆறுதலாக் குடி" என்றார். தாயார் சிறிது தயங்கி அமர்ந்தார். முதற் பிளாவை விரைந்து வாயில் வைத்தார். நாச் சுட்டிருக்கவேண்டும், எடுத்து ஊதினார். இரண்டாம் பிளா முடிய அரை மணித்தியாலமாயிற்று. "நண்டு நல்ல சதைப்பிடிப்பு" என்று எவரிடமுமின்றிச் சொன்னார். உணவின் சுவையைப் பற்றித் தாயார் பேசி அவன் அதற்குமுன் கேட்டதில்லை.

ஈழத்துப் பேச்சுவழக்கில் மெதுவாக என்பதற்கும் ஆறுதலாக என்றே கூறுவர். துயர் தணிதலும் ஆறுதலே. சூடும் ஆறும், புண்ணும் ஆறும், பசியும் ஆறும். இவை யாவற்றுக்கும் காலம் வேண்டும். அக்காலத்தைத் தரக்கூடிய ஒருவர் அருகில் இருப்பதும் வேண்டும் போலும்.

விடுதிக்குத் திரும்பிய அவன் மெல்லுவதை எண்ணும் வழக்கத்தைக் கைவிட்டான். சோற்றை வாங்கி அமர்ந்ததும், "பானை நிறையக் கிடக்கு" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறான். சில நாள்களில் அது பலிக்கிறது. பரீட்சைக் காலத்திற் பலிப்பதில்லை. அண்மையில் ஒருநாள், நண்பர் எழுந்த பின்னும் அவனுடைய கோப்பையில் ஒரு பிடி சோறு எஞ்சியிருந்தது. அன்று கத்தரிக்காய்ப் பால்கறி. இரவு தாயாருடன் தொலைபேசியிற் பேசியபோது அதனைச் சொன்னான். பின்பு, "நீங்கள் இருந்தே சாப்பிட்டனீங்கள், அம்மா?" என்று கேட்டான்.

"ஓம் மோனை, இருந்துதான்" என்று பதில் வந்தது.