மூன்று பேர் வேண்டாம், இருவர் போதும்

ஈரோடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பேரனுக்குச் சளி குறைந்துவிட்டதென்று மகள் சொன்னாள்.

அன்றைக்குப் போனில், “அப்ரண்டிஸ் பசங்களை எடுத்தா கவர்மென்ட் பணம் தருதுன்னு ஆடிட்டர் சொல்றாருங்க மாமா, எவ்வளவு வரும்?” என்று கேட்டீர்கள். பட்டறைச் சத்தத்தில் நான் சொன்னது பாதிதான் உங்களுக்குக் கேட்டிருக்கும். மாப்பிள்ளையிடம் போனில் வாதாட எனக்கும் கூச்சம். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம். நீங்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

கேட்டதற்கு முதலில் பதில். ஆடிட்டர் சொன்னது ‘நாப்ஸ்’ என்கிற தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். 2016-இல் தொடங்கியது. பயிற்சிக்கு எடுக்கும் ஆளுக்குத் தரும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும். ஆனால் தலைக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. முன்பெல்லாம் முதலாளி முழுத்தொகையையும் கொடுத்துவிட்டு, அரசுப் பங்கைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதில் சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அந்தப் பணம் பயிற்சியாளரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. ஆகவே உங்கள் கணக்கில் ஒரு ரூபாயும் வந்து விழாது. நீங்கள் தரவேண்டியதில் 1,500 குறையும், அவ்வளவுதான். அதற்கும் உங்கள் பங்கைக் கொடுத்த விவரத்தை மாதாமாதம் அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் பையனுக்கு வரவேண்டியது நிற்கும். அந்த வேலையை மகளிடம் கொடுங்கள். பி.காம். படித்ததற்கு ஒரு பிரயோஜனம் ஆகட்டும்.

உதவித்தொகைக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. 2019-இல் திருத்திய விதிப்படி பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000, ஐடிஐ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லி 2025 மே மாதம் மத்திய பழகுநர் குழு பரிந்துரை செய்தது. ஆகவே ஆடிட்டரிடம் இப்போதைய அளவைக் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள். டிப்ளமோக்காரர் ஒருவரை எடுத்து சிஎன்சி புரோகிராம் பக்கம் பழக்கலாம் என்று நினைத்தால், அதற்கு வேறு திட்டம். சென்னை தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. அதன் வழியாகப் போனால் குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசுடையது. பணம் என்று மட்டும் பார்த்தால் அதுதான் லாபம். ஆனால் உங்கள் பட்டறைக்கு இப்போது தேவைப்படுவது புரோகிராம் எழுதுகிறவர் இல்லை என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. புதிதாக வரும் ஹெல்பர் பையனுக்கே நீங்கள் 12,000 தருவதாக மகள் சொன்னாள். அப்படியிருக்க ஐடிஐயில் இரண்டு வருடம் டர்னர் படித்துவிட்டு வருகிறவன் 7,000 ரூபாய்க்கு ஏன் வருவான்? கோவை கணபதியில் நாலு பேர் சேர்ந்து தங்கும் அறைக்கு வாடகை, மெஸ்ஸில் மூன்று வேளை, ஊருக்குப் போய்வர பஸ் என்று போட்டுப் பாருங்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். கூடக் கொடுக்கக் கூடாதென்று எங்கும் சொல்லவில்லை. ஹெல்பருக்குத் தருவதையாவது கொடுங்கள். கொடுத்தால் அரசின் 1,500 என்பது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. அதை நம்பியா ஆள் எடுக்கப் போகிறீர்கள்? விதை நெல்லுக்கு மானியம் தருகிறார்கள் என்பதற்காக வயல் இல்லாதவன் மூட்டை வாங்கி வைப்பானா?

கட்டாயமா என்று கேட்டீர்கள். இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். எடுப்பதானால் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை. உங்களிடம் 22 பேர். மூன்று பேர் வரை எடுக்கலாம்.

மூன்று பேரையும் எடுத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

இந்தச் சட்டம் 1961-இல் வந்தது. அடுத்த வருடம் மார்ச்சிலிருந்து நடைமுறை. நான் ஐடிஐயில் வாத்தியார் வேலையில் இருந்த காலம் முழுக்க முதலாளிகள் இதைக் கண்டாலே பயப்பட்டார்கள். எடுக்க வேண்டிய எண்ணிக்கையை எடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. 2014 திருத்தத்தில் சிறையை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தார்கள். பயம் போனது நல்லதுதான். போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பயிற்சியாளர் தொழிலாளி அல்ல என்று சட்டத்திலேயே இருக்கிறது. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, வருடம் முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் கிடையாது. இதை யாரோ நன்றாகப் படித்துவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் சிலவற்றில் உற்பத்தி லைனே இந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் ஓடுகிறது. வருடம் முழுக்க ஒரே ஸ்டேஷனில் ஒரே போல்ட்டை முறுக்கிவிட்டு, கடைசி நாளில் ஒரு காகிதத்தோடு வெளியே வருவார்கள். மறுநாள் அடுத்த கூட்டம் உள்ளே போகும். என்னிடம் படித்த பிள்ளைகள் அப்படி வந்து நின்றிருக்கிறார்கள். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் ரீடிங் சொல்ல யோசிப்பார்கள். ஐடிஐயில் கற்றதும் போயிருக்கும்.

அதே சட்டத்தில் மறுபக்கமும் இருக்கிறது, அதை ஆடிட்டர் சொல்லியிருக்க மாட்டார். பயிற்சியாளருக்குப் பீஸ் ரேட்டில் கூலி தரக் கூடாது. எத்தனை ஷாஃப்ட் கடைந்தான் என்று எண்ணிக் காசு கொடுப்பதும், புரொடக்‌ஷன் போனஸில் சேர்ப்பதும் ஆகாது. அனுமதி வாங்காமல் ஓவர்டைம் நிறுத்தக் கூடாது. சம்மர் சீசனில் பம்பு கம்பெனிக்காரர் ஆர்டரைக் கொட்டி ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்வார். அப்போதும் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீடு உங்கள் பொறுப்பு. நடுவில் ஒப்பந்தத்தை முறித்து அனுப்பினால் அதற்கும் பணம் கட்ட வேண்டிவரும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவது வேலை தருகிறேன் என்பதற்கு அல்ல, கற்றுக்கொடுக்கிறேன் என்பதற்கு. யார் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்?

நீங்கள் காலையில் பீளமேடு, மத்தியானம் குறிச்சி சிட்கோ, சாயந்திரம் பேங்க் என்று ஓடுகிறவர். உங்களால் முடியாது. உங்கள் பட்டறையில் அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் இருக்கிறார். உங்கள் அப்பா காலத்திலிருந்து இருக்கும் மூத்த டர்னர். போன பொங்கலுக்கு வந்தபோது அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோணலாக வந்த வார்ப்பை நாலு தாடை சக்கில் கட்டி, டயல் கேஜை வைத்துத் தட்டித் தட்டி சென்டர் எடுத்தார். டூல் பிட்டைக் கண்பார்வையிலேயே கிரைண்டரில் சாணை பிடித்தார். லேத்திலிருந்து வரும் சத்தம் மாறியதும் அளக்காமலே கையை வைத்து ஃபீடைக் குறைத்தார். இதில் ஒன்றையும் நான் கரும்பலகையில் எழுதி முழுசாகச் சொல்லிக்கொடுத்ததில்லை, சொல்லிக்கொடுக்கவும் முடியாது. அவருக்கு அறுபது நெருங்குகிறது. கண்ணில் புரை விழுந்திருப்பதாக என்னிடம் சொன்னார், உங்களிடம் சொன்னாரோ இல்லையோ. அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் புது சிஎன்சி மெஷின் இருந்தும் ரிப்பேர் ஜாப், ஒற்றை ஜாப் எல்லாவற்றையும் வெளியே அனுப்புவீர்கள். அப்ரண்டிஸ் எடுக்க வேண்டியது இதற்காக. 1,500 ரூபாய் அதற்கு ஒரு சாக்கு.

அவரால் ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பார்க்க முடியாது. இருவரைப் பார்ப்பார். அவர் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் அவர் லேத் நிற்கும். தினமும் ஒன்றரை மணி நேரம் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு மாதம் ரிஜெக்‌ஷனும் கூடும். இம்பெல்லரைக் கடைந்து கெடுத்தால் வார்ப்பு விலையும் சேர்ந்து போகும். உண்மையான செலவு இதுதான், உதவித்தொகை இல்லை. அவருக்கு மாதம் ஒரு தொகை கூடச் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் அந்தப் பிள்ளைகளைக் கூட்டவும் டீ வாங்கவும்தான் அனுப்புவார். அவர் பழகிய காலத்தில் அவரை அப்படித்தானே அனுப்பியிருப்பார்கள்.

உள்ளூர்ப் பசங்க வருவதே இல்லை, எல்லாரும் செல்போனும் டெலிவரி வண்டியுமாகத் திரிகிறார்கள், அதனால்தான் வடக்கிலிருந்து ஆள் எடுக்கிறோம் என்று உங்கள் ஏரியாக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நான் இதை முழுக்க ஒப்புக்கொள்வதில்லை. டெலிவரி வண்டியில் இன்றைக்கு ஓட்டியதற்கு இன்றைக்குக் காசு தெரிகிறது. பட்டறையில் சேர்ந்தால் எத்தனை வருடம் இரும்புச் சுருள் அள்ளினால் லேத்தைத் தொட விடுவார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஒப்பந்தம் அதைச் சொல்கிறது. இந்தத் தேதிக்குத் தொடக்கம், இந்தத் தேதிக்கு முடிவு, நடுவில் இன்னின்ன கற்க வேண்டும், கடைசியில் அகில இந்தியத் தேர்வு, தேறினால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் அதன் அப்பாவுக்கும் அது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய விஷயம்.

இனி நான் முக்கியமாக எழுத வந்தது. எதிர்வீட்டு விசைத்தறிக்காரர் பெண்ணை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் பந்தி பரிமாறினாள். அரசு ஐடிஐயில் டர்னர் படித்து முடித்துவிட்டாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். புதுமைப் பெண் திட்டத்தில் வந்த ஆயிரம் ரூபாயைச் சேர்த்து, சொந்தமாக ஒரு வெர்னியர் வாங்கி வைத்திருக்கிறாள். ஐடிஐயில் இருக்கிறதைத் தொட முறை வராதாம். என்னிடம் வந்து என்ஜினியரிங் டிராயிங்கில் சந்தேகம் கேட்பாள். கேட்கிற கேள்வியிலேயே கை வேலை தெரிந்தவள் என்று தெரியும்.

‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்று இதே சட்டப்படி எடுக்கும் பயிற்சிக்கு ரயில்வே, திருச்சி பெல், நெய்வேலி மூன்றுக்கும் அவளை விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். இதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு அங்கே கடைநிலை வேலையில் நேரடி ஆளெடுப்பில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அவள் வீட்டு நிலைமைக்கு ரயில்வே கிடைத்தால் போகட்டும் என்றுதான் நானே சொல்வேன். ஆனால் அங்கெல்லாம் மதிப்பெண் வரிசை. பத்தாவதில் அவளுக்கு மஞ்சள் காமாலை, மதிப்பெண் சுமார். கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் அவள் அப்பா ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் பேசி வைத்திருக்கிறார். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவரிடம் நான் பேசிக்கொள்வேன். காந்திபுரம் பக்கம் அவள் சித்தி வீடு இருக்கிறது, தங்க இடம் பிரச்சினை இல்லை. வருகிற பிள்ளை ஒரு வருடத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். போகலாம். பத்திரம் எழுதி வாங்குவது, சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது போன்ற காரியங்களை நம் வீட்டில் செய்ய வேண்டாம். நன்றாகக் கற்றுக்கொடுத்து நியாயமான சம்பளமும் சொன்னால் இருவரில் ஒருவராவது தங்குவார். அந்த ஒருவர் போதும்.

இன்னொருவரை நீங்களே பாருங்கள். மேட்டுப்பாளையம் ரோடு ஐடிஐயில் எனக்குத் தெரிந்த பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேளுங்கள், போனில் கேட்டால் கடைசி வரிசைப் பையனைத் தள்ளிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் கவனம். நாப்ஸின் இரண்டாம் கட்டத்துக்கு 2025-26 நிதியாண்டு வரைதான் அனுமதி கொடுத்திருந்தார்கள். பதிவு செய்யும்போது அப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 1,500 வராது என்று தெரிந்தாலும் எடுப்பேன் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் அந்தப் பெண்ணை வரச் சொல்லுகிறேன்.

அத்தை கடலை எண்ணெய் ஆட்டி வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். மகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பி.கு.: பட்டறையில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்று மகள் சொன்னாள். அந்தப் பெண் வருவதற்கு முன்னால் அதைக் கட்டிவிடுங்கள். நான் மேலே எழுதிய திட்டங்களில் அதற்குப் பணம் இல்லை, உங்கள் செலவுதான். கொத்தனார் வேண்டுமென்றால் நான் இங்கிருந்து அனுப்புகிறேன்.