கேடயம் பறிக்கப்பட்ட வீரன்: பாத்திர ஆக்கக் குறிப்பேடு

திங்கள், கல்முனைக்குடி

இணையவழி ரோல்பிளே என்பது ஒரு விளையாட்டின் கற்பனை உலகுக்குள் பலர் தத்தம் பாத்திரங்களாகவே பேசியும் நடந்தும் கூட்டாகக் கதை வளர்ப்பதாகும். அவ்வுலகின் வரலாறு, நாடுகள், சமயம், பகைமை ஆகியவற்றின் தொகுதியை விளையாடுவோர் ‘லோர்’ என்பர். பைனல் ஃபேன்டசி 14 என்னும் ஜப்பானிய விளையாட்டில், 2015இல் ஹெவன்ஸ்வர்ட் விரிவாக்கத்தோடு வந்த டார்க் நைட் பாத்திரத்தை அந்த லோர் பிசகாமல் அமைப்பதே இவ்வாரக் குறிப்புகளின் பொருள்.

செவ்வாய்

டார்க் நைட்டுக்குக் கறுப்புக் கவசமும் கொடூரச் சிரிப்பும் போதும் என்று புதியவர் பலர் கருதுகின்றனர். மூலக்கதை அதற்கு இடந்தரவில்லை. திருச்சபை ஆளும் இஷ்கார்ட் நகரில், கொடுமைக்குள்ளான ஒரு குழந்தையைக் காப்பதற்காக மதகுரு ஒருவரை வெட்டிய வீரன், பட்டமும் கேடயமும் பறிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டான். அவன் வழிவந்தோர் பெருவாளை இரு கைகளாலும் ஏந்தி, சட்டம் தீண்டாத பெரியவர்களின் கொடுமையிலிருந்து எளியோரைக் காக்கின்றனர். விளையாட்டில் இறந்துகிடக்கும் ஃப்ரே என்ற வீரனின் ஆன்மப் படிகத்தை நாயகன் எடுத்ததும் அவனோடு பேசத் தொடங்கும் குரல், நாயகன் தன்னுள் அடக்கிவைத்த சினமும் களைப்புமே என்பது பின்னர் வெளிப்படுகிறது. இவ்வளவு நுட்பமான கதையை வெறும் வில்லனாகச் சுருக்குவது பெரும் இழப்பு. வேறொரு விளையாட்டான வோர்ல்ட் ஆஃப் வோர்கிராஃப்டில் 2008இல் வந்த டெத் நைட்டோடும் இவனைக் குழப்பக்கூடாது; டெத் நைட் இறந்தபின் எழுப்பப்பட்டவன். அவனது மரபு வேறு.

புதன், மருதமுனை

இக்கரையோர ஊர்களில் அண்ணாவியாரிடம் சிலம்படி பழகியவர் ஒன்றை அறிவர்: இரு கைகளும் கம்பைப் பற்றியிருக்கும்போது, காப்பு பெரும்பாலும் காலடியிலும் இடைவெளியிலுமே உள்ளது. பெருவாள் வீரனின் சண்டையை எழுதுபவர், அவன் அடி எடுத்து வைப்பதையும் தோள் திரும்புவதையும் வாள் பாரத்தால் மூச்சு வாங்குவதையும் எழுதினாலே காட்சி நம்பத்தக்கதாகும்.

வியாழன்

மூலத்துக்கு உண்மையாயிருப்பவர் தம் ஊரை மறக்கவேண்டுமா? 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், அரபு நாட்டை வருணிக்கையில் மழை பொழிந்து ஆறு பெருகி வயலில் பாய்வதாகத் தமிழ்க் காப்பிய மரபில் பாடினார். நபிகளாரின் வரலாற்றையோ தம் விருப்பத்துக்கு வளைக்கவில்லை. புனித வரலாற்றையும் விளையாட்டுக் கதையையும் ஒரு தட்டில் வைப்பது தகாது; இங்கு கற்கத்தக்கது புலவர் நிலத்தைத் தமதாக்கிக்கொண்ட முறை மட்டுமே. அம்முறையில், கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளையொருவனை அவ்வுலகின் துறைமுக நகரான லிம்சா லொமின்சாவில் பிறந்தவனாக்கலாம். உப்புக் காற்றும் வலைக்கயிறு காய்த்த உள்ளங்கையும் அவனோடு வரலாம். ஆனால் இஷ்கார்ட் அயலாருக்குத் தன் வாயிலை நெடுநாள் அடைத்திருந்த நகர் ஆதலால், அவன் உள்ளே வந்த வழிக்குக் காரணம் கூறியே ஆகவேண்டும்.

வெள்ளி

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை இவ்விளையாட்டில் இறங்கும் இளையோர், கவசத்தின் நிறத்தைத் தேர்வதற்கு முன், தம் வீரன் யாருக்காக வாளெடுத்தான், அதனால் எதை இழந்தான் என்பதை ஒரு பக்கமாவது தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும்.