13 புள்ளி, 7 முடிய

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஸ்விட்சைப் போடலாம், அணைக்கலாம். அதற்கு மேல் மின்சார சமாசாரம் எதிலும் நான் கை வைக்கக் கூடாது. சட்டம் போட்டவர் என் கணவர். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டியதும் பரணிலிருந்து சீரியல் பல்புப் பெட்டி இறங்கும். அதில் நிச்சயம் ஒரு பல்பு போயிருக்கும். ஒன்று போனால் அத்தனையும் இருட்டு! அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். நான் இரண்டடி தள்ளி நின்று காபி டம்ளரை நீட்டுவேன். ஒரு வருஷம், டேப் பிரிந்திருந்த இடத்தில் அவர் விரல் பட்டு, டம்ளரும் காபியும் மூன்றாம் படியிலிருந்த தசாவதாரத்தின் மேல் போய் விழுந்தன. அன்று முதல் அந்தச் சட்டத்தை நான் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டேன்.

2020-ல் அவர் காலமானார். அந்த வருஷம் கொலு இல்லை. அடுத்த இரண்டு வருஷமும் வைத்தேன். விளக்கு மட்டும் கிடையாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். ஏனோ கூப்பிடவில்லை.

2022 நவம்பரில், அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்துப் பர்லிங்டனில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போனேன். குளிர்காலம் ஆரம்பமாகியிருந்தது. மாலை நாலரைக்கே விளக்கு வைத்துவிட வேண்டியதுதான். அவ்வளவு சீக்கிரம் இருட்டி விடுகிறது. அந்த இருட்டுக்குப் பதில் சொல்வதுபோல, கிறிஸ்துமஸ் வருகிறதென்று தெருவில் வீட்டுக்கு வீடு விளக்கு அலங்காரம். நியூயார்க்கில் எடிசனோடு தொழில் செய்த எட்வர்டு ஜான்சன் என்பவர் 1882-ல் தம் வீட்டு மரத்தில் 80 மின்சார பல்புகளைக் கட்டி ஆரம்பித்து வைத்த வேலை இது!

என் பேத்திக்குப் பதினோரு வயது. வாசல் தாழ்வாரத்தில் பனித்துகள் வடிவ விளக்கு கட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடைக்குப் போனோம். பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் ஒன்றை எடுத்துக் கைகளை எண்ணினாள், முகம் சுருங்கிவிட்டது.

"பாட்டி, இது தப்பு. இதுக்கு எட்டுக் கை. பனிக்கு ஆறுதான்!"

அந்த ஊர்ப் பெண்ணை இதில் ஏமாற்ற முடியாது. பர்லிங்டனிலிருந்து காரில் அரை மணி தூரத்தில் ஜெரிகோ என்று ஒரு கிராமம். அங்கே வில்ஸன் பென்ட்லி என்ற குடியானவர் இருந்தார். அவருக்கு 15 வயதானபோது தாயார் ஒரு மைக்ராஸ்கோப்பைக் கொடுத்தாள். அதையும் காமிராவையும் இணைத்து, 1885-ல் பனித்துகளைப் புகைப்படம் பிடித்துவிட்டார். சாகும் வரை 5,000-க்கும் மேல் எடுத்தார். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஆனால் ஆறு மூலை மட்டும் மாறவில்லை. 1931 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் காலமானார். அவருடைய படங்களை அந்தக் கிராமத்துப் பழைய சிவப்பு ஆலைக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். பேத்தி என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். ஏன் ஆறு என்று கெப்ளர் என்ற வானசாஸ்திரி 1611-லேயே மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சிறு புத்தகம் எழுதினார். தண்ணீரின் அணுக்கூட்டங்கள் உறையும்போது அறுகோணமாகத்தான் கைகோக்கும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதென்ன, இடுக்குப் புள்ளிக் கோலம்!

உங்களுக்குத் தெரியாததா? நேர்ப்புள்ளி வைத்தால் நாலு பக்கமாகப் போகும். நடுவில் 13 வைத்து, இரண்டு பக்கமும் இடுக்கில் 12, 11 என்று 7 முடிய வைத்தால், தானாக ஆறு மூலை வந்து நிற்கும். நடுப்புள்ளியிலிருந்து ஆறு திசையிலும் ஆறு ஆறு புள்ளி. மார்கழியில் இதை எத்தனை தடவை போட்டிருப்பேன்! "நாமே செய்துவிடலாம்" என்று சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

பலகைக்கு வழி சொன்னது பேத்தி. நவம்பரில் தேர்தல் முடிந்திருந்தது. வீட்டு வாசல்களில் நட்ட விளம்பரத் தட்டிகள் அங்கே பிளாஸ்டிக்கில் வருகின்றன, உள்ளே அட்டைப்பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், மழைக்கு நனையாது. தோற்றவர்கள் தட்டியோடு ஜயித்தவர்கள் தட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். நான் 4 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பென்சிலால் வைத்தேன். மொத்தம் 127 புள்ளி. எல்லாவற்றிலும் விளக்கு வைத்தால் தேன்கூடு போலாகி விடும். ஆகவே ஒவ்வொரு கையிலும் நடுவை ஒட்டிய முதல் புள்ளியை விட்டு வரிசையாக ஐந்து, நாலாம் புள்ளியிலிருந்து இருபுறமும் சாய்ந்த கிளைக்கு இரண்டிரண்டு, ஆக ஒன்பது. ஆறு கைக்கு 54 எல்.ஈ.டி. கோலத்தில் இழுக்கிற கிளைக்கும் உண்மையான பனியின் கிளைக்கும் சாய்வு ஒன்றே, கவனியுங்கள்.

துளை போடும் வரை எல்லாம் சுமுகம். கம்பி இணைக்கிற கட்டம் வந்ததும் மாப்பிள்ளை, "அம்மா, நீங்க கொஞ்சம் நகருங்க, சூடு. நான் செய்யறேன்" என்றார். தங்கமான மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் பழக்க தோஷத்தில் எழுந்து சரியாக இரண்டடி தள்ளி நின்றேன். பிறகு என்ன தோன்றிற்றோ, திரும்பி வந்து, "இல்லை மாப்பிள்ளை, எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, சால்டரிங் இரும்பின் கைப்பிடியை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

அது அடுப்படி வித்தைதான். ஈயத்தைச் சுட்டு ஒட்டக் கூடாது. சேர வேண்டிய இரண்டு கம்பிகளையும் சூடாக்கினால், ஈயம் தானே உருகி ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஆறுவதற்குள் கை ஆடினால், பதம் தப்பிய பாகுபோல் மங்கிப் பொருபொருவென்று நிற்கும். புகை சாம்பிராணி மாதிரி மணக்கிறதே என்று முகத்தைக் கொண்டு போகாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அந்த ஊர்க் குளிரில் ஜன்னலைத் திறந்ததற்கு என் பெண் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

மின்சாரக் கணக்கும் இப்படித்தான். சுவரிலிருந்து வருவதை நாம் தொடுவதே இல்லை. அடாப்டர் அதை 12 வோல்ட்டாக்கிக் கொடுத்துவிடுகிறது. வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும். மூன்றை வரிசையாகக் கோத்தால் 9 ஆயிற்று. மீதி 3 வோல்ட்டைத் தாங்கிக்கொள்ள 150 ஓம் ரெஸிஸ்டர் ஒன்று. அது இல்லாவிட்டால் எல்.ஈ.டி. அளவு தெரியாமல் மின்சாரத்தைக் குடித்துவிட்டுக் கருகிப் போகும். இப்படி மூன்று மூன்றாக 18 சரம்; ஒவ்வொரு சரமும் பிரதானக் கம்பி இரண்டிலும் தனித்தனியே தொங்குகிறது. ஒன்று கெட்டால் மூன்றுதான் இருட்டு. மற்றவை தம்பாட்டுக்கு எரியும். எல்லாம் சேர்ந்து 4 வாட்டுக்குச் சற்று மேல். நம் வீட்டு ஜீரோ வாட் பல்பு இதைவிடக் கூடத் தின்கிறது!

முதல் நாள் ராத்திரி பிளக்கைச் செருகினோம். ஐந்து கைகள் முழுதாக எரிந்தன. ஆறாவது கையில் ஒரு கிளை மட்டும் இருட்டு. பேத்திக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கோ அந்தப் பழைய பெட்டி ஞாபகம்தான். ஆனால் இங்கே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க முடியாது. எல்லாம் ஈயம் பிடித்தவை.

எல்.ஈ.டி.க்கு நீளக் கால், குட்டைக் கால் என்று இரண்டு. நீளம் பாஸிடிவ். திருப்பி வைத்தால் எரியாது. பற்றவைத்த பிறகு கால்களை வெட்டி விடுகிறோமே, அப்புறம் எப்படித் தெரியும்? அதன் அடி விளிம்பில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். அது நெகடிவ் பக்கம். கண்ணாடி போட்டும் எனக்கு அது தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் பின்புறம் ஒவ்வொரு விளிம்பாக நகத்தால் தடவினேன். அரிசியில் கல் பொறுக்கிய விரல் அல்லவா! இரண்டு ஒரே பக்கம் பார்த்தன. மூன்றாவது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தேன்.

வெளிச்சம் வந்ததும் பேத்தி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். நான் உள்ளே போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் மழை, மறுநாள் உறைபனி. இரண்டு கை அவிந்தன. பார்த்தால், மூடாமல் விட்ட இணைப்புகளில் பச்சைக் களிம்பு. குற்றம் என்னுடையதுதான். சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் குழல் இருக்கிறது. அதைப் பற்றவைப்பதற்கு முன்பே கம்பியில் மாட்டிவிட வேண்டும். மறந்தால் பிறகு மாட்ட வழியில்லை. நான் மறந்தவள். பழையதைச் சுரண்டி எடுத்து, மறுபடி பற்றவைத்து, சிலிக்கோன் பசையால் மூடினேன். அடாப்டர் மட்டும் மழை படாத இடத்தில்தான் இருக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் தானே அறுந்து கொள்ளும் பிரேக்கர் உள்ள பிளக்கில் மட்டும் செருகுங்கள். நம் ஊர்ச் சுவரில் வருவது 230 வோல்ட், விளையாட்டல்ல.

ஊர் திரும்பி, 2023 நவராத்திரிக்கு முன்னால் ரிச்சி தெருவுக்குப் போனேன். 60 எல்.ஈ.டி., 20 ரெஸிஸ்டர், 12 வோல்ட் அடாப்டர் ஒன்று. கடைக்காரப் பையன், "பேரனுக்குப் பள்ளிக்கூட பிராஜெக்டா, அம்மா?" என்று கேட்டான். "எனக்குத்தானப்பா" என்றேன். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எண்ணிக் கொடுத்தான்.

மூன்றாம் படிக்குப் பின்னால், தசாவதாரத்துக்கு மேலே மாட்டினேன். முதல் நாள் மாலை ஒரு சரம் எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பலகையை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து நகத்தால் தடவிக்கொண்டிருந்தேன். வெற்றிலை பாக்கு வாங்க வந்திருந்த எதிர் வீட்டு மாமி என் சமையலறையிலேயே காபி கலந்து கொண்டு வந்து, "ஜாக்கிரதை!" என்று இரண்டடி தள்ளி நின்று டம்ளரை நீட்டினாள்.