முகமூடியைப் பிடிக்கும் கை

மூச்சு நின்றுபோனவருக்குக் காற்றுக் கொடுக்க ஆசுபத்திரிகளில் ஒரு பை வைத்திருப்பார்கள். றப்பர் பந்தை நீட்டிவிட்டது போலிருக்கும். அதன் முனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி. 'அம்பு பாக்' என்போம். டென்மார்க்கில் ஹெனிங் ரூபன் என்ற மயக்க மருந்து வைத்தியரும் ஹொல்கர் ஹெஸ என்பவரும் சேர்ந்து உருவாக்கிய பை இது. 1956 இல் வெளிவந்தது. அதற்கு நான்கு வருடம் முந்தி அதே நாட்டின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் கையால் பை அழுத்தியே பல நோயாளரைக் காப்பாற்றினார்கள். வெறுங்கையின் வேலைதான் அது.

கரம்பொன்னிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த நான், போன இடத்தில் ஒரு ஆசுபத்திரியில் தொண்டராகச் சேர்ந்தேன். அங்குதான் இந்தப் பையைக் கையில் எடுத்தேன். நிலத்தில் பாய் விரித்துப் படுத்த சனங்களைக் கட்டுவிரியன் கடித்த காலம். அந்தப் பாம்பின் நஞ்சு தசைகளைச் சோரவைக்கும். முதலில் இமை விழும், பிறகு பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். இருதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். நஞ்சின் வேகம் தணியும்வரை யாராவது காற்றுக் கொடுத்தால் ஆள் பிழைக்கும். கொடுக்காவிட்டால் சில நிமிடந்தான்.

எங்களுக்கு முதலில் பழக்கியது ஒற்றைக் கை முறை. பெருவிரலும் சுட்டுவிரலும் ஆங்கில 'சீ' எழுத்தைப்போல முகமூடியை வளைத்துப் பிடிக்கும். மற்ற மூன்று விரலும் 'ஈ' எழுத்தைப்போலத் தாடை எலும்பைத் தூக்கும். மறுகை பையை அழுத்தும். நீண்ட விரல் உள்ளவர்களுக்கு இது வசதி. என்னுடையது சின்னக் கை. பல்லில்லாத கிழவர்களின் ஒட்டிய கன்னத்தில் ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கத்தால் காற்று 'புஸ்' என்று போகும். "இன்னும் இறுக்கு" என்பார்கள். இறுக்குவதில் பயனில்லை. முகமூடியை முகத்தில் அமத்தினால் நாடி கீழே போய் நாக்கு தொண்டையை அடைக்கும். தாடையைத்தான் முகமூடிக்குள் தூக்கி எடுக்க வேண்டும். அதுவும் எலும்பில் பிடித்து. நாடிக்குக் கீழுள்ள மெத்தென்ற சதையில் விரல் பதியக்கூடாது.

ஒரு இரவு பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வைத்தியர் வந்து குழாய் வைக்கும்வரை நாங்கள்தான். மூத்த மிசி ஒருவர் சொன்னார்: "தனிய ஏன் மல்லுக்கட்டுறாய் பிள்ளை? மூடியை ரெண்டு கையாலையும் பிடி. பையை அக்கா அமத்தட்டும்."

அக்கா என்றது அவரின் மனைவியை. அழுதுகொண்டு நின்ற மனிசி. "நான் அமத்தினால் அவருக்கு நோகுமோ மிசி?" என்று கேட்டா. பிறகு மிசி எண்ண எண்ண அமத்தினா. ஒவ்வொரு தரமும் அவரின் நெஞ்சு எழும்பியது. நாலாம் நாள் அவர் தானாக மூச்செடுத்தார்.

இரண்டு கையாலும் பிடிப்பதில் இரண்டு விதம் உண்டு. அதே 'சீ', 'ஈ' பிடியை இருபுறமும் போடலாம். மற்றது, தலைமாட்டில் நின்று இரண்டு பெருவிரல்களையும் அவற்றின் அடிச்சதையையும் நோயாளியின் கால்ப்பக்கம் பார்க்க முகமூடியின் இரு ஓரத்திலும் கிடத்தி, மற்ற நாலு நாலு விரலாலும் தாடை மூலையை முன்னுக்கு இழுப்பது. இந்த இரண்டாவது பிடிதான் எனக்குப் பிடித்தது. விரலின் நீளத்தை அது கேட்பதில்லை. உள்ளங்கைச் சதையே இடைவெளியை மூடிவிடும். கையும் கெதியில் களைக்காது. புதிதாகப் பழகுபவர்களை வைத்துச் செய்து 2013 இல் வெளியான ஆய்வொன்றிலும், 'சீ', 'ஈ' பிடியைவிட இந்தப் பிடியில் கூடுதல் காற்று உள்ளே போனது தெரியவந்தது. எங்கள் கைகளுக்குச் சக்தி போதாது என்று ஏன் அத்தனை காலம் சொன்னார்களோ!

பிறந்த குழந்தைக்கு இவ்வளவும் தேவைப்படாது. சின்ன முகமூடி, ஒற்றைக் கை போதும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தரம், மெல்ல.

இப்போது கரம்பொன்னில் யாருக்கும் அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கிறோம். அந்த நோயாளர் வண்டிச் சேவை வடக்குக்கு 2018 இல் வந்தது. ஆனாலும் பெரியாசுபத்திரிக்குப் போக வேலணை, அல்லைப்பிட்டி கடந்து பண்ணைப் பாலத்தால் ஓடத்தானே வேண்டும். வழியில் ஒருவர் முகமூடியை இரு கையாலும் பிடித்தால், பையை அமத்த இன்னொரு கை தேவைப்படலாம். அது பக்கத்தில் இருக்கும் உங்கள் கையாகவும் இருக்கலாம்.

அப்படிக் கேட்டால் பயப்படாதீர்கள். பெரியவர்களுக்குரிய பையில் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் காற்று இருக்கிறது. ஒரு மூச்சுக்கு வேண்டியது அரை லீற்றர் அளவுதான். முழுவதையும் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போய்ச் சத்தி வரும், அது நெஞ்சுக்குள்ளும் இறங்கும். நாடித்துடிப்பு உள்ள பெரியவருக்கு ஆறு செக்கனுக்கு ஒரு தரம், ஒரு செக்கன் நேரம் அமத்துங்கள். கண் நெஞ்சில் இருக்கட்டும். நெஞ்சு எழும்பத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள். எழும்பாவிட்டால் இன்னும் பலமாக அமத்தாமல், "நெஞ்சு எழும்பேல்லை" என்று முகமூடி பிடிப்பவருக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். அவர் தன் பிடியை மாற்றுவார்.