நான் தேடிய மாண்டலின் ஆசிரியர்

மாண்டலின் இத்தாலி நாட்டில் வளர்ந்து உலகெங்கும் பரவிய இசைக்கருவி. அதன் எட்டுத் தந்திகளும் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து நான்கு இணைகளாக நிற்கும். வீணையிற்போல் மெட்டுகள் உண்டு. ஆயினும், மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும். கருநாடக இசைக்கு உயிராகிய கமகமோ, நீண்டு நின்று அசையும் ஒலியை வேண்டுவது. இக்குறையை வென்று காட்டியவர் உ. ஸ்ரீநிவாஸ் ஆவார். ஆந்திர நாட்டுப் பாலகொல்லு என்னும் ஊரில் 1969 இல் பிறந்த அவர், இணைத் தந்திகளை விடுத்துத் தனித் தந்திகள் ஐந்து பூட்டிய மின் மாண்டலினை வாசித்தார்.

அக்கருவியை நானும் பயின்று வருகிறேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் ஆகியவற்றைக் கற்பித்த முதியவர் வேற்றூர் சென்றுவிட்டார். எங்கள் ஊரில் வேறு ஆசிரியர் இலர். ஆகவே, இணையத்தின் வழியே கற்கத் துணிந்தேன்.

பதிவு செய்த பாடங்கள் அங்கே மிகுதி, விலையும் குறைவு. ஒரே பகுதியை நூறு முறை போட்டுக் கேட்கலாம். வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். கடிந்துகொள்வாரும் இலர்! வரிசை பயில்வார்க்கு இவை நல்ல துணை. ஆனால், நான் அடுத்துக் கற்க வேண்டியது ஆபோகி வர்ணம். ஆபோகியின் காந்தாரம் அசைந்து வருவது. மெட்டில் விரலை வைத்து மீட்டினால் அசைவற்ற சுரமே பிறக்கும்; தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதனை அசைக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது? திரையில் தோன்றும் ஆசிரியர் வாசித்துக் காட்டுவார்; என் வாசிப்பைக் கேளார்.

எனவே, நேரில் கேட்டுத் திருத்தும் ஆசிரியரை நாடினேன். இதிலும் இடர்கள் உண்டு. ஒலி வந்து சேரச் சற்றுக் காலம் பிடிப்பதால், இருவரும் ஒரே தாளத்தில் சேர்ந்து வாசித்தல் அரிது. மாறி மாறியே வாசிக்க வேண்டும். இரைச்சலை நீக்கும் அமைப்பு, தம்பூரின் சுருதியையும் இரைச்சலென்றே எண்ணி விழுங்கிவிடும்! அதனை நிறுத்தி வைத்தல் வேண்டும்.

இருவரிடம் ஒவ்வொரு பாடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் மாண்டலின் வல்லுநர். ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி தாமே அழகாக வாசித்தார். நான் வாசித்தது பத்து நிமிடம் இருக்கலாம். மற்றவர் வாய்ப்பாட்டு ஆசிரியையாகிய ஓர் அம்மையார். மாண்டலினைத் தொட்டும் அறியாதவர். ஓர் அடியைப் பாடி, அதனை என்னை ஏழு முறை வாசிக்கச் செய்து, “காந்தாரம் இன்னும் கீழே நிற்கிறது” என்றார். அவரிடமே கற்பதென்று முடிவு செய்தேன்.

“கருவியறியாதவரிடம் கருவிப் பாடமா?” என்று நண்பர் நகைத்தார். ஸ்ரீநிவாசுக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜுவும் வாய்ப்பாட்டுக்காரரே. மாண்டலின் வாசிக்க அறியாதவர். அவர் பாடப் பாட, சிறுவர் அதனைத் தந்தியில் எழுப்பினார். 1978 இல் அச்சிறுவர் குடிவாடாவில் அரங்கேறினார். நண்பருக்கு இதனைச் சொன்னேன். விரல் வைப்பு முறைக்கு மட்டும் பழைய பதிவுப் பாடங்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்குப் பாடம். மூன்று வாரம் ஆயிற்று. பல்லவியின் முதலடியை விட்டு அம்மையார் இன்னும் நகரவில்லை.